வாறவளுக்கு ஏன் கோயில் இல்லை?

வாசகர் கேள்வி – மாஸ்ரர் பதில்

நான் எழுதும் கற்பனைத் தொடரின் இருபத்திரண்டாம் அத்தியாயத்தோடு முதற்பாகம் முடிந்திருக்கிறது. கடிதங்கள் மலையாகக் குவிந்தன என்று எழுதினால் பொய். பதினேழு கடிதம் வந்தது, வட்ஸ்அப்பில் நாலு குரல்பதிவு வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கதாநாயகி பொன்னியைப் பற்றிக் கேட்டவர்கள் மூன்று பேர்தான். மிச்சப் பேர் எல்லாரும் முதுவெளியின் சமயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இம்முறை பதில்கள் அதற்கு மட்டும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஆழித்துறை என்பது நான் கட்டிய கற்பனைக் கடற்கரை நகரம். அங்கே பெருங்கூடம் என்றொரு கோயில். கொடுக்கிற நெல்லையும் எண்ணெயையும் ஏட்டில் பதிந்து வைக்கும் ஏட்டுக்காரர்கள்தான் அதற்குப் பூசகர்கள். ஒரு தலைமுறைக்குள் நகரத்துக் கிணறுகளில் உப்பு ஏறிவிடுகிறது. ஏழைபாழைகள் ஊமையாற்றைக் கடந்து முதுவெளி என்ற காட்டு எல்லைக்குப் போய்க் குடியேறுகிறார்கள். அங்கே நெற்பங்கு கிடைக்காது என்பதால் ஏட்டுக்காரர் கூடப் போகவில்லை. பூசகர் இல்லாத இடத்தில் துடி என்கிற உடுக்கை அடித்து, ஆடி, உரு வந்து (தெய்வம் உடம்பில் இறங்கி) கும்பிடும் ஒரு வழி தானாக முளைக்கிறது. அதற்குப் பெயர் துடிவழி. தெய்வத்துக்குப் பெயர் வாறவள்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

*

*தலைவர் இல்லை, நூல் இல்லை, கோயில்கூட இல்லை. அப்படி ஒரு சமயம் இரண்டு தலைமுறை தாண்டுமா, ஐயா? கதைக்காக வளைத்து விட்டீர்களோ?*
– உயர்தர மாணவி, கொக்குவில்

பிள்ளை, நீ ரியூசனுக்குப் போகிற ஒழுங்கையில் மரத்தடிச் சூலம் எத்தனை இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார். ஒரு கல், ஒரு சூலம், எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்துபோன வடைமாலை. அந்த வைரவருக்குத் தலைமை அலுவலகம் எங்கே? பக்கத்து வளவுக்காரர் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார். அவர் கொழும்புக்குப் போனால் எதிர்வீட்டுக்காரர் வைப்பார். ஒருவரும் இல்லாமல் ஊரே இடம்பெயர்ந்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் முதலில் பற்றையை வெட்டித் தேடியது எதை? வீட்டுக் கிணற்றையும் அந்தச் சூலத்தையும்தான்.

இன்னொன்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு பாதயாத்திரை போகும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோடு இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, யாலக் காட்டைக் கடந்து போவார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நடை. விண்ணப்பப் படிவம் நிரப்பிச் சேருகிற காரியம் இல்லை அது. எந்த ஊரில் எந்தக் கோயில் மண்டபத்தில் படுக்கலாம், எந்தச் சனம் சோறு தரும், எந்த இடத்தில் தண்ணீர் உப்பு என்று போனமுறை போன கிழவருக்குத் தெரியும். இந்தமுறை போகிற பொடியனுக்கு அவர் சொல்லுவார். சண்டைக் காலத்தில் நின்றும் போனது, பிறகு தொடங்கியும் விட்டது.

ஆக, தலை இல்லாவிட்டால் சமயம் விழுந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் ஒன்றும் இல்லாமலும் நிற்காது. என் முதுவெளியில் அதை நிறுத்தி வைத்திருப்பது கடன்.

முதுவெளிச் சனம் கோயில் என்ற சொல்லையே சொல்லாது. கும்பிடுகிற இடத்துக்குப் பெயர் அடுப்படி. மூன்று கல், நடுவே தணல், சுற்றிவர மிதித்து இறுகிய நிலம், அவ்வளவுதான். ஒரு குடியிருப்பில் ஆட்கள் கூடி, பத்து வீடு பிரிந்து இன்னும் உள்ளே காடு வெட்டப் போனால், பழைய அடுப்படியிலிருந்து ஒரு சட்டி தணலும் ஒரு பானையும் எடுத்துப் போகவேண்டும். பழையது தாயடுப்பு, புதியது பிள்ளையடுப்பு. முதல் விளைச்சலில் ஒரு பானை தினை தாயடுப்புக்குத் திரும்ப வரவேண்டும். வருடா வருடம். வரவில்லை என்றால் சண்டை இல்லை, விலக்கு இல்லை, சாபமும் இல்லை. தாயடுப்புக்காரர் ஒரு வெறும் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்து வந்து, பிள்ளையடுப்பின் முன்னால் பேசாமல் குந்தி இருப்பார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பொன்னியின் பாட்டி குந்தி இருந்தது அதற்குத்தான். பலர் அதை உண்ணாவிரதம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அது வெட்கப்படுத்தல்.

நூலை அழிக்கலாம், தலைவரை விலைக்கு வாங்கலாம். வீட்டுக்கு வீடு கொடுக்கவேண்டிய பானை என்றால் அதை எப்படி ஒழிப்பது? ஏட்டுக்காரர்களுக்கு இரண்டாம் பாகம் முழுக்க இதுதான் தலையிடி.

*

*உரு வந்தது என்று யாரும் சொல்லலாம். சொன்னவன் வாக்கு தெய்வ வாக்கு என்றால், முதுவெளி முழுக்கக் கள்ளச் சாமியார்கள் அல்லவா பெருகியிருக்க வேண்டும்?*
– வாசகர், நெல்லியடி

இதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் எழுத ஆசை.

உரு ஆடுகிறவரைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. சிவந்த கண், விரித்த தலை, வேப்பங்குழை. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் நிற்பார், கவனித்திருக்கிறீர்களா? ஆடுகிறவர் விழாமல், விளக்கில் படாமல், சேலை குலையாமல் பிடிக்கிற ஆள். எங்கள் ஒழுங்கையில் அது என் அம்மா.

வைகாசியில் எங்கள் வைரவருக்குப் பொங்கல். மூன்றாம் வீட்டு மாமிக்கு வருடம் தவறாமல் உரு வரும். அம்மாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. உடுக்கு தொடங்கமுன் அம்மா சத்தமில்லாமல் சில வேலைகள் செய்வார். மாமியின் கண்ணாடிக் காப்பைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பில் முடிவார். மாமியின் முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார், அவிழாத முடிச்சு. குத்துவிளக்கை ஒரு முழம் பின்னால் நகர்த்துவார். செம்பில் தண்ணீரும் ஒரு தேசிக்காயும் கைக்கெட்டும் தூரத்தில். பிறகு மாமிக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நின்று, மாமியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கால்விரலைத்தான் பார்ப்பார். எனக்குப் பத்து வயதிருக்கும், ஏன் அம்மா என்று கேட்டேன். “விரல் மடங்கினால்தான்டா வாறது. முகத்தை ஆரும் மாத்தலாம்” என்றார்.

உரு இறங்குகிற நேரம் அம்மா தண்ணீரைத் தெளித்துவிட்டு, மாமியின் காதோடு வாய் வைத்து ஏதோ சொல்லுவார். மந்திரம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மாமியின் வீட்டுப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார், சின்ன வயதில் தாய் கூப்பிட்ட பெயர். அதைக் கேட்டுத்தான் மாமி திரும்பி வருவார்.

ஒரு வருடம் வேறொருவருக்கு உரு வந்தது. அவருக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் கிணற்றுப் பங்கில் வழக்கு. ஆடின ஆட்டத்தில், “கிணறு என் பிள்ளைக்கு!” என்று வைரவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சனம் திகைத்து நின்றது. அம்மா பிடிக்கப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் பிடிக்காவிட்டால் விழத்தானே வேண்டும்? விழுந்தார். ஆனால் விழமுன் கடைக்கண்ணால் பாய் எங்கே என்று பார்த்துவிட்டு விழுந்தார். ஒரு கிழவி சிரித்தாள், அவ்வளவோடு தீர்ப்பும் செல்லாமல் போனது.

முதுவெளியின் பிடிகாரிகள் அங்கிருந்து வந்தவர்கள்தான். எந்த அடுப்படியிலும் மதிப்பு ஆடுகிறவருக்கு இல்லை, பிடிக்கிறவளுக்கு. பிடிகாரி கை கட்டினால் அன்றைக்கு வாறவள் வரவில்லை என்று அர்த்தம். பிடிகாரி தான் ஆடக்கூடாது. ஒருநாள் ஆடிவிட்டால் அவள் பிடிகாரி இல்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில் பொன்னிக்கு முதல்முறை கால் நடுங்கியபோது அவள் ஏன் அப்படி அழுதாள் என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். அவள் பிடிகாரி ஆவதற்கென்று வளர்ந்த பிள்ளை.

இன்னொரு காப்பும் வைத்திருக்கிறேன். உருவில் சொன்ன வாக்கு விடியும்வரைதான் செல்லும். அதற்குமேல் நிலைக்கவேண்டும் என்றால் வேறு இரண்டு அடுப்படிகளில், கேள்விப்படாத இரண்டு வாய்களில் அதே வாக்கு வரவேண்டும். மூன்று அடுப்படி சொன்ன வாக்குகள் முதுவெளி வரலாற்றில் நாலே நாலு. நாலும் தண்ணீரைப் பற்றியவை. கேள்விப்படாமல் எப்படி என்று நீங்கள் அடுத்த கடிதம் போடுவீர்கள், தெரியும். உடுக்குக்குத் தோல் போடுகிற தோல்காரர்கள் ஊர் ஊராகச் செய்தி கொண்டு போகிறார்களே, கேள்விப்படாத வாய் ஏது? அந்த ஓட்டையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

*

*‘வாறவள்’ என்பது பேச்சு வழக்கு. தெய்வத்தின் பெயரையாவது ‘வருபவள்’ என்று எழுதக்கூடாதா?*
– இளைப்பாறிய தமிழாசிரியர், சுன்னாகம்

ஐயா, எழுதியிருக்கிறேனே. ஆழித்துறை ஏட்டுக்காரர்கள் தங்கள் ஏட்டில் ‘வருபவள்’ என்றுதான் திருத்தி எழுதுகிறார்கள். அதைக் கேட்டு முதுவெளிச் சனம், “அது ஆர் அவ?” என்று கேட்கிற இடம் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இலக்கணம் படித்த தெய்வத்துக்கு உடுக்குச் சத்தம் பிடிக்காது என்று என் அபிப்பிராயம். கோபிக்க வேண்டாம்.

*

*மாஸ்ரர், ஒளிக்காமல் சொல்லுங்கோ. இது வற்றாப்பளை அம்மன் கதைதானே? பெயரை மாற்றிப்போட்டு வேற்றுலகம் என்று எழுதினால் எங்களுக்குத் தெரியாதோ?*
– ஸ்காபரோவிலிருந்து, பிறந்தது முள்ளியவளை

பிடித்துவிட்டீர்கள், ஆனால் பாதிதான்.

இருபத்திமூன்று வயதில் எனக்கு முதல் நியமனம் முள்ளியவளைப் பக்கம். வடமராட்சியில் கந்தபுராணப் படிப்பும் கலிவெண்பாவுமாக வளர்ந்த எனக்கு, வைகாசி மாதம் அங்கே கண்டது வேறு உலகம். கடலில் தீர்த்தம் எடுத்து வருவார்கள். காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரை விட்டு விளக்கு எரிப்பார்கள். எண்ணெய் இல்லை, உப்புத் தண்ணீர். பிறகு படையலுக்கான மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் போகும், திங்கட்கிழமை பொங்கல். நந்திக்கடற்கரை முழுக்க மாட்டுவண்டியும் புகையும் சனமும்.

நான் தங்கியிருந்த வீட்டு ஆச்சி கதை சொன்னார். மதுரையை எரித்தபின் கண்ணகி ஈழத்துக்கு வந்து இடமிடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் இதாம். மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்கிறது என்றாளாம். பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி விட்டு ஏற்று என்றாள், எரிந்தது. தலை கடிக்குது, பேன் பாருங்கோடா என்று குனிந்தாள். தலை முழுக்க ஆயிரம் கண். ஆச்சி இதைச் சொல்லும்போது தன் தலையைக் குனிந்து என் முகத்துக்கு நேரே காட்டுவார். நரைத்த வகிட்டைப் பார்க்க எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கும்.

இதில் எதை எடுத்தேன், எதை விட்டேன்? கடல்நீர் விளக்கை எடுக்கவில்லை. அது அந்த அம்மனுடையது, கற்பனைக் கதைக்குக் களவெடுக்க மனம் வரவில்லை. ஆயிரம் கண்ணையும் தொடவில்லை. நான் எடுத்தது ஒன்றே ஒன்று: தெய்வம் பசியோடு வழிப்போக்கியாக வருகிறது, மாடு மேய்க்கிற பொடியன் அதற்கு முதல் பூசகன். பெரிய ஊரின் படித்த ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. எல்லைப் பக்கத்துச் சமயம் எல்லாவற்றிலும் இந்த வாசனை இருக்கும். சந்நிதியைப் பாருங்கள். அங்கே முதற் பூசகரான மருதர் கதிர்காமர் மீன் பிடித்தவர். இன்றைக்கும் அங்கே வேத மந்திரம் இல்லை, பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார், படையல் ஆலமிலையில்.

மிச்சப் பாதி யாழ்ப்பாணத்துக் கதை. இங்கேயும் கண்ணகி இருந்தாள். ஆறுமுக நாவலர் காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டில், கண்ணகி வழிபாடும் ஆடு கோழி பலியும் சைவ ஆகமத்துக்கு ஒவ்வாதவை என்று கடும் கண்டனம் எழுந்தது. பிறகு பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கண்ணகியைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு நின்ற இடங்களும் உண்டு, பெயர் மாறியும் பொங்கல் நிற்காத இடங்களும் உண்டு. பலி நின்றதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் ஒரு அம்மனுக்குப் பெயர் மாற்றுகிறபோது அவளுக்குப் பொங்கிய கிழவி என்ன நினைத்திருப்பாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ஆழித்துறையிலிருந்து முதுவெளிக்குத் தெரு வருகிறது. தெருவோடு ஏட்டுக்காரரும் வருகிறார்கள். அவர்களை வில்லன்களாக எழுதப் போவதில்லை. கிணறு வெட்டுகிறார்கள், பள்ளிக்கூடம் போடுகிறார்கள். அடுப்படிக்குக் கூரை போடவும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். கூரை போட்டால் புகை எங்கே போகும் என்று கேட்பது பொன்னி மட்டும்தான்.

*

*நாங்கள் தேவாலயக் குடும்பம். காட்டு வெளியில் ஆயிரக்கணக்கில் கூடி நாள்கணக்கில் விழுந்து நடுங்குகிற ‘பெருங்கூட்டு’ அத்தியாயத்தை வாசிக்க, அமெரிக்க எழுப்புதல் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. தெரிந்துதான் எழுதினீர்களா?*
– வாசகி, உடுவில்

தெரிந்துதான். கென்டக்கியில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் 1801 ஓகஸ்டில் நடந்த கூட்டம் அதற்கு ஒரு மாதிரி. அப்போது கென்டக்கி அமெரிக்காவின் எல்லைப்புறம். அந்தப் பக்கத்தில் பெரிய பட்டினமான லெக்சிங்டனில் 1,800 பேர்தான். கேன் ரிட்ஜுக்கு வந்தவர்கள் 10,000 முதல் 20,000 வரை இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிரஸ்பிற்றேரியன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் போதகர்கள் ஒரே நேரத்தில் வண்டிமேலும் மரக்குற்றிமேலும் ஏறி நின்று பேசினார்கள். சனம் விழுந்தது, உதறியது, சிரித்தது, அழுதது. யார் எந்தச் சபை என்று கேட்பாரில்லை.

என்னைப் பிடித்தது வேறு விசயம். ஆறேழு நாளில் அது முடிந்ததற்குக் காரணம் சாப்பாடு தீர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் குதிரைக்குத் தீனியும் இல்லை, மனிசருக்குச் சாமானும் இல்லை. இதை வாசித்த அன்றைக்குத்தான் பெருங்கூட்டு அத்தியாயத்தின் முடிவு எனக்குக் கிடைத்தது. வாறவள் போனதற்கு அடையாளம் பானையின் அடி தெரிவது.

அதேபோல, மெதடிஸ்ட் போதகர்கள் குதிரையில் வாரக்கணக்கில் சுற்றி, காட்டுக் குடிசைகளில் ஒரு இரவு பிரசங்கம் செய்து அடுத்த ஊருக்குப் போவார்கள். முதுவெளியில் அந்த வேலையைத் தோல்காரரிடம் கொடுத்தேன். உடுக்குத் தோல் மழையில் கெடும், கிழியும். புதுத் தோல் போடத் தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்கள் தோல் போட வருகிற சாட்டில் பாட்டும் வம்பும் கலியாணப் பேச்சும் கொண்டு வருவார்கள். போதகரை விட இது எனக்கு நம்பக்கூடியதாகப் பட்டது. தொழில் செய்ய வருகிற ஆளுக்கு எந்த வீட்டிலும் தேத்தண்ணி கிடைக்கும்.

உங்கள் ஊருக்கு அமெரிக்க மிசன் வந்ததும் அதே காலத்து அலையில்தான். 1816இல் யாழ்ப்பாணம், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. ஆனால் இங்கே வந்தவர்கள் கென்டக்கிக்காரரின் குணமில்லாத, புத்தகமும் அச்சுக்கூடமும் கணிதமும் கொண்டுவந்த நியூ இங்கிலாந்துப் படிப்பாளிகள். யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற ஆட்கள் என்று என் மனைவி சொல்லுவா. அவ பரம்பரையில் பாதி அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள், நான் மறுத்துப் பேசுவதில்லை.

*

*முதுவெளியில் சாதி உண்டா? எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி ஆடுவதாக எழுதியிருப்பது இனிப்பாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தான் எழுதினதுதானா இது?*
– வாசகர், கரவெட்டி

அடி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சனம் நிற்கவேண்டி இருந்தது. அதைப் பார்த்த தலைமுறை நான். ஒரே அடுப்பு என்று சும்மா எழுதிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை.

முதற்பாகத்தை மறுபடி பாருங்கள். ஒரே பானையில் தின்றது ஆற்றைக் கடந்த முதல் தலைமுறை. ஒருவருக்கும் ஒன்றும் இல்லாத காலம் அது. பதினாறாம் அத்தியாயத்தில் மிகச் சின்னதாக ஒரு வரி வைத்தேன், கரவெட்டியார்கூடக் கவனிக்கவில்லை: தோல்காரன் தேத்தண்ணி குடித்த சிரட்டையை வீட்டுக்காரி அடுப்பில் போடுகிறாள். ஆட்டுத்தோல் தொட்ட கை. அவன் போட்ட தோலில்தான் அன்றிரவு அவளுக்கு உரு வரப்போகிறது. அதற்குமேல் இப்போது சொன்னால் இரண்டாம் பாகத்தை யார் வாசிப்பது?

உரு வருவதற்குச் சாதி இல்லை என்பது எங்கள் ஊரிலும் உண்மைதான். உரு இறங்கியபின் யார் எங்கே இருந்து சாப்பிட்டார்கள் என்பதும் உண்மைதான். இரண்டையும் ஒரே இரவில், ஒரே வளவில் கண்டிருக்கிறேன்.

*

*வாறவள் உண்மையிலேயே இருக்கிறாளா, இல்லையா?*
– வாசகர், மானிப்பாய்

நான் உலகத்தைக் கட்டினவன், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. முதற்பாகத்தில் ஒரே ஒரு மழைதான் சந்தேகத்துக்கு இடமாகப் பெய்கிறது. அதுவும் ஐப்பசியில். ஐப்பசியில் மழை பெய்தால் அதிசயமா?

*

*பதினான்காம் அத்தியாயத்தில் பொன்னி கொட்டுகிற மழையில் ஆற்றைக் கடந்து வந்து, இடுப்பில் இருந்த உடுக்கை எடுத்து அடித்தாள், “கணீரென்று கேட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அறுபது வருடம் தோல்வாத்தியம் வாசித்தவன். நனைந்த தோல் கணீரென்று கேட்காது, தம்பி. தொப்பென்றுதான் கேட்கும்.*
– இணுவில்

அண்ணை, மன்னிக்கவேணும். இந்தப் பதினேழு கடிதத்தில் எனக்கு நித்திரை இல்லாமல் பண்ணினது உங்களுடையதுதான். சிவன்ராத்திரிக்கு முன்வரிசையில் இருந்து விடியவிடிய மேளம் கேட்டு வளர்ந்தவன், தோலை நெருப்பில் காய்ச்சிக் கையால் தட்டிப் பார்க்கிறதைக் கண்ணால் கண்டவன், எழுதுகிற அவசரத்தில் மறந்துபோனேன்.

புத்தகமாக வரும்போது அந்த இடத்தை மாற்றி எழுதுகிறேன். இப்படி: பொன்னி கரை ஏறுகிறாள். அடித்துப் பார்க்கிறாள், தொப்பென்கிறது. சனம் காத்திருக்கிறது. அவள் வைக்கோல் தேடுகிறாள், எல்லாம் ஈரம். ஒரு கிழவர் தன் தலைமாட்டுச் சாக்குக்குள் இருந்து காய்ந்த வைக்கோல் ஒரு பிடி உருவித் தருகிறார். கொளுத்தி, உடுக்கைக் கிட்டப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள். ஆவி பறக்கிறது. விரலால் ஒரு தட்டு, இன்னும் இல்லை. இன்னொரு தட்டு. உடுக்கின் இடுப்புக் கயிற்றை அமத்திப் பார்க்கிறாள். இவ்வளவு நேரமும் ஒருவரும் கதைக்கவில்லை.

எவ்வளவு நேரம் பிடிக்கும் அண்ணை, ஒரு சின்ன உடுக்கு காய? ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் என்று போட்டிருக்கிறேன். பிழை என்றால் எழுதுங்கோ.